செல்கள் அனுப்பும் பொட்டலம்

என் கடை வடக்கனந்தல் கடைத்தெருவில் இருக்கிறது. உரம், விதை, பூச்சிமருந்து விற்கிறேன். விவசாயத்தில் டிப்ளமோ படித்துவிட்டு, அரசு வேலைக்குச் சில வருஷம் காத்திருந்து, அது வராமல் போகவே வைத்த கடை. ஊரில் என் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘மருந்துக்காரர்’ என்றால் எல்லோரும் வழி காட்டுவார்கள்.

வீடு கள்ளக்குறிச்சியில். காலையில் வண்டியில் வந்து ஷட்டரைத் தூக்குவேன். கல்வராயன் மலைக்கு ஏறும் பஸ்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். திங்கட்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் என் மகள் போவாள். மலையில் ஓர் உறைவிடப் பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். கடைக்கு எதிரே பஸ் மெதுவாகும்போது ஜன்னல் வழியே கையை மட்டும் நீட்டி ஆட்டுவாள். அந்தக் கை வளைவில் மறையும் வரை ஷட்டரைப் பாதி தூக்கியபடியே நிற்பேன்.

அவள் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது, காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்று ரத்தம் சோதித்த இடத்தில்தான் அது தெரிந்தது. ரத்தப் புற்றுநோய். அதிலும் மெதுவாக நடக்கிற வகை. வெள்ளணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும்; தினம் ஒரு மாத்திரை போட்டால் அடங்கியிருக்கும். “சர்க்கரைக்கு மாத்திரை போட்டுட்டு வேலைக்குப் போறவங்க இல்லையா, அந்த மாதிரிதான்” என்று சேலத்தில் நாங்கள் பார்க்கும் டாக்டரம்மா சொன்னார். அவர் சொன்னபடியே நடந்தது. ரத்தத்தில் நோய் எவ்வளவு என்று காட்டும் எண் இறங்கியது. மகள் பி.எட். முடித்தாள். மலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. என் மனைவி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள்.

ஆரம்பத்தில் ஒரே ஒரு தொல்லைதான். மாத்திரை போட்டதும் வயிற்றைப் பிரட்டும். கள்ளக்குறிச்சி மெடிக்கல் கடைக்காரர், “எந்த மாத்திரையா இருந்தாலும் முன்னாடி ஒரு கேஸ் மாத்திரை போட்டுக்கணும்மா, வயிறு புண்ணாயிடும்” என்று சொல்லி ஓர் அட்டையைச் சேர்த்துக் கொடுத்தார். இது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். தலைவலி மாத்திரை வாங்கினாலும் கவருக்குள் கேஸ் மாத்திரை இருக்கும். சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி. அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் மகளுக்கு முதலில் அது, பிறகு புற்றுநோய் மாத்திரை. பிரட்டல் நின்றது. நாங்களும் அதைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டோம்.

அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆடி மாதத்தில் எடுத்த ரத்தச் சோதனையில் எண் ஏறியிருந்தது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் ஏறியிருந்தது.

டாக்டரம்மாவின் அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். வேகமாகப் பேசுவார், ஆனால் கேள்வி கேட்டால் நிதானமாகப் பதில் சொல்வார்.

“மேடம், ஜீன்ல மாற்றம் எதுவும் இல்லன்னு ரிப்போர்ட் வந்துடுச்சு. மாத்திரை ஒரு நாள்கூட விடல. அப்புறம் ஏன் கேக்கல?” என்று மகள் கேட்டாள்.

“மருந்து கேக்காம போறதுக்கு ஒரே காரணம்தான் இருக்கும்னு இல்லம்மா. செல்லுக்குள்ள மாற்றம் வரலாம். உள்ள வந்த மருந்தை செல் வெளிய தள்ளலாம். இப்ப உலகம் முழுக்க இன்னொண்ணையும் பாத்துட்டிருக்காங்க. எக்ஸோசோம்னு பேரு.”

மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு ஒரு பெரிய வட்டம் வரைந்தார். அதன் ஓரத்தில் புள்ளி புள்ளியாகக் குட்டி வட்டங்கள்.

“நம்ம உடம்புல இருக்கற எல்லா செல்லும் இப்படிக் குட்டிக் குட்டிப் பொட்டலம் கட்டி வெளிய விட்டுட்டே இருக்கும். அதுக்குள்ள புரதம் இருக்கும், செய்தி எழுதின மாதிரி ஆர்.என்.ஏ. துண்டு இருக்கும். ரத்தத்துல மிதந்து போய் இன்னொரு செல்லுக்குள்ள அது இறங்கும். செல்லும் செல்லும் பேசிக்கற வழி அது. நல்ல செல்லும் அனுப்பும். புற்றுநோய் செல் ரொம்ப ஜாஸ்தி அனுப்பும்.”

எனக்குத் தெரிந்த விஷயத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்க முயன்றேன். “எங்க தொழில்லயும் மருந்து கேக்காத புழு உண்டுங்க மேடம். அடிச்ச மருந்துல பொழைச்ச புழு அந்துப்பூச்சியாகி முட்ட வெக்கும். அந்த முட்டையில வர்ற புழுவும் பொழைக்கும். வருஷா வருஷம் அது ஜாஸ்தியாவும். அதுதானங்க?”

“அதுவும் நடக்குது சார். இது அதுக்கு மேல.” பேனாவை அந்தப் புள்ளிகள் மேல் வைத்தார். “ஒரு கொல்லையில பொழைச்ச புழு, பக்கத்துக் கொல்லையில இருக்கற புழுவுக்கு, அது இந்த மருந்தைப் பாத்ததேகூட இல்ல, அதுக்கு ‘இப்படி இப்படிப் பொழைச்சுக்கோ’ன்னு எழுதிப் பொட்டலம் அனுப்புதுன்னு வெச்சுக்கங்க. அதை வாங்கின புழுவும் சாகாது. முட்டையும் வேண்டாம், பரம்பரையும் வேண்டாம். சில செல் இன்னும் கெட்டிக்காரத்தனமா, உள்ள வந்த மருந்தையே பொட்டலத்துல கட்டி வெளிய எறிஞ்சிடும்.”

கடை வைத்த நாளிலிருந்து புழுவோடு மல்லுக்கட்டுகிறவன் நான். புழுக்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால் ஒரு கொல்லையிலும் பயிர் மிஞ்சாது என்று எனக்குத் தெரியும்.

என் மனைவி வேறு ஒன்றை நினைத்துக் கவலைப்பட்டாள். “ரத்தத்துல மிதக்குதுன்னா எச்சில்லயும் இருக்குங்களா மேடம்? ஒரே டம்ளர்ல குடிச்சா அடுத்தவங்களுக்கு ஒட்டிக்குமா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “எச்சில்லயும் இருக்கு. உங்க எச்சில்ல உங்களுது இருக்கு, என்னோடதுல என்னோடது இருக்கு. புற்றுநோய் அப்படியெல்லாம் ஒட்டாதும்மா. பொண்ணு குடிச்ச டம்ளர்ல தாராளமாக் குடிங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “சார், ஒண்ணு சொல்லிடறேன். இது இன்னும் ஆராய்ச்சியில இருக்கற விஷயம். உங்க பொண்ணுக்கு இதுதான் நடந்ததுன்னு நான் சொல்லவே இல்ல. அவ கேட்டா, நான் சொன்னேன். பழைய மருந்து கேக்கலைன்னா புது மருந்து இருக்கு. மாத்தறோம். பழையதை நிறுத்திடுங்க. வேற ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா?”

“இல்லைங்க மேடம், வேற ஒண்ணும் இல்லைங்க” என்றோம் நானும் மனைவியும் ஒரே குரலில்.

வெளியே வரும்போது ஆராய்ச்சி மாணவி ஒருத்தி காத்திருந்தாள். எக்ஸோசோம்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை அவளுடையது. கூடுதலாக ஒரு குழாய் ரத்தம் தர முடியுமா என்று கேட்டாள். இந்தப் பொட்டலங்களைப் பிரித்துப் படிக்கத் தெரிந்துவிட்டால், மருந்து கேட்காமல் போகப்போவதை முன்கூட்டியே ரத்தத்தில் கண்டுபிடிக்கலாம். பொட்டலம் போகாமல் தடுக்கவும் ஒரு நாள் வழி வரலாம் என்றாள். அதற்கு இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று தனக்கே தெரியாது என்பதையும் சொன்னாள்.

“ஏற்கெனவே இம்மாம் ரத்தம் எடுத்துகினாங்க. இன்னும் இன்னாத்துக்கு?” என்று மனைவி முணுமுணுத்தாள்.

“அம்மா, திருட்டுக் கடுதாசியப் பிரிச்சுப் படிக்கப் போறாங்க. குடுக்காம இருப்பாங்களா?” என்று சொல்லிவிட்டு மகள் கையை நீட்டினாள்.

புது மாத்திரை தொடங்கியது. மகள் மலைக்குத் திரும்பினாள். என் மனசு அந்த அறையிலேயே நின்றுவிட்டது. செல்லும் செல்லும் பேசிக்கொள்கின்றன என்பதை என்னால் தாங்க முடியவில்லை. கடையில் துத்தநாகப் பொட்டலம் எடுத்துக் கொடுப்பேன். அது நினைவுக்கு வரும். கொரியர்காரன் வந்து கையெழுத்துக் கேட்பான். அது நினைவுக்கு வரும். பழைய மருந்துக்குத் தப்பிப் பிழைத்த ஏதோ ஒரு செல், இந்த நேரத்தில் என் பெண்ணின் ரத்தத்தில் புது மருந்துக்கும் வழி எழுதி அனுப்பிக்கொண்டிருக்கும் என்று தோன்றும். அவள் ஒரே பெண். புது மருந்தும் கேட்காவிட்டால் எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டி வரும். உடன்பிறந்தவர் இல்லாததால் பொருத்தமான ஆளை வெளியே தேட வேண்டும். டாக்டரம்மா இதை ஒருமுறைதான் சொன்னார். நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போனில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை மனைவியிடம் சொன்னால் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவாள். “நீங்க படிக்கிறது போதும். ஒரு பொட்டலத்தப் புடிச்சிகினு மனுசன் பைத்தியமாவப் போறாரு. பாப்பா அங்க புள்ளைங்களோட சிரிச்சிகினு கெடக்குது, நீங்க இங்க அழுதுகினு கெடக்கறீங்க” என்பாள். நான் அழவில்லை. அழுகிறவன் மாதிரி முகம் ஆகிவிட்டிருந்தது போல.

ஐப்பசியில் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியது. மலையடிவாரத்தில் கொல்லை வைத்திருக்கும் ஒருவர், என் பழைய வாடிக்கையாளர், கடைவாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே சத்தம் போட்டார்.

“இன்னா மருந்துக்காரரே, தண்ணியக் குடுத்துட்டியா? புழு ஜம்முனு குருத்துல குந்திகினு என்னப் பாத்து சிரிக்குது!”

“உங்களப் பாத்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது. எப்படி அடிச்சீங்க?”

“எப்பிடி அடிப்பாங்க? ஸ்ப்ரேயர் டேங்க்ல ஊத்தி அடிச்சேன்.”

“டேங்க்ல வேற இன்னா ஊத்தினீங்க?”

அவர் சைக்கிள் சீட்டைத் தடவினார். “வேற ஒண்ணும் இல்ல. பயிர் வெளுத்தாப்ல இருந்துச்சுன்னு துத்தநாகம் கொஞ்சம். அப்புறம் பக்கத்துக் கொல்லக்காரன் சொன்னான்னு தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி ஒரு சொம்பு. அதெல்லாம் மருந்தா? சும்மா சத்துக்குத்தான?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதை எத்தனை வருஷமாகச் சொல்கிறேன். ஆள் பிடித்து இரண்டு முறை அடிப்பதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கலந்து ஒரே நடையில் முடிப்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வேலை. “சுண்ணாம்பு சேந்தா அந்த மருந்து முறிஞ்சிடும்! புழு மேல பழிய போடாதீங்க. கொல்லையில எறங்கறதுக்கு முன்னாடியே உங்க டேங்க்ல மருந்து செத்துப்போச்சு. பொணத்த எடுத்துப் போயி அடிச்சிருக்கீங்க.”

“சர்தான் போ, கத்தாத. பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லன்னா எங்க மேல பாயறியா?” என்றார். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. “பாப்பா எப்பிடி கீது?” என்று குரலை இறக்கிக் கேட்டார்.

“பரவால்ல” என்றேன். அன்று சாயங்காலம் மகளிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னேன். பொணத்த எடுத்துப் போயி அடிச்சதைக் கேட்டு அவள் வெகுநேரம் சிரித்தாள்.

கார்த்திகையில் மறுபடி சேலம். புது மருந்து தொடங்கிய பிறகு வரும் முதல் பெரிய சோதனை. டாக்டரம்மா திரையைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார்.

“குறைஞ்சிருக்கு. ஆனா இந்த மருந்துக்கு இவ்ளோ நாள்ல நல்லா குறைஞ்சிருக்கணும். எதிர்பார்த்த அளவு இல்ல.”

நான் கேட்க நினைத்து வந்த கேள்விகள் நிறைய. ஒன்று மட்டும் வெளியே வந்தது. “பொட்டலம் போயிடுச்சுங்களா மேடம்?”

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு நினைவு வந்து, திரையிலிருந்து முகத்தை முழுதாக என் பக்கம் திருப்பினார். “சார், அன்னைக்கு அதைச் சொல்லியிருக்கவே கூடாது போல. நான் முதல்ல கண்ணுக்குத் தெரியறதைப் பாக்கறேன். இரும்மா, காலையில எழுந்ததுல இருந்து வாயில என்னென்ன போடறே, வரிசையாச் சொல்லு.”

மகள் விரலை மடக்கினாள். “பல்லு தேச்சிட்டு சுடுதண்ணி. அப்புறம் கேஸ் மாத்திரை. கொஞ்ச நேரம் கழிச்சு இந்த மாத்திரை. அப்புறம் ஹாஸ்டல்ல இன்னா டிபனோ அது.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “என்ன மாத்திரை?”

“கேஸ் மாத்திரை.”

“தினமுமா?”

“மொத நாள்ல இருந்துங்க மேடம்” என்றாள் மனைவி, ஒழுங்காகக் கொடுத்துவருகிறோம் என்பதை நிரூபிக்கிறவள்போல. “பழைய மாத்திரை போட்ட காலத்துல இருந்து ஒரு நாள்கூட தவறல.”

“வேற மாத்திரை எடுக்கறீங்களான்னு கேட்டேனேம்மா? இல்லன்னீங்களே?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். “அது மாத்திரை இல்லைங்களே மேடம்” என்றாள் அவள். “கேஸுக்குத்தான?”

டாக்டரம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “நான் பேர் சொல்லிக் கேட்டிருக்கணும். இந்த ஊர்ல கேஸ் மாத்திரை போடறீங்களான்னு தனியாத்தான் கேக்கணும்” என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு மகளிடம் விளக்கினார். பழைய மருந்துக்கு அந்தக் கேஸ் மாத்திரையால் கெடுதல் இல்லை. இந்தப் புது மருந்து அப்படி இல்லை. வயிற்றில் அமிலம் இருந்தால்தான் இது கரையும். கரைந்தால்தான் ரத்தத்தில் ஏறும். கேஸ் மாத்திரை அமிலம் சுரப்பதையே நாள் முழுக்க அடக்கி வைத்துவிடுகிறது. “நீ விழுங்கினதுல பாதி ரத்தத்துல ஏறியிருந்தாலே பெரிசு. மருந்து தோத்துப்போச்சான்னு இப்ப சொல்லவே முடியாது. அது இன்னும் சண்டைக்கே முழுசா போகல.”

“அப்ப எக்ஸோசோம்?” என்றேன்.

“பாவம் சார் அது. இந்தத் தடவை அது மேல வீணாப் பழி போட்டிருக்கோம்னு நம்புவோம். நம்பறேன்னு மட்டும்தான் சொல்றேன். பழைய மருந்து ஏன் கேக்கலைன்னு இன்னும் தெரியாது. கேஸ் மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்க. நெஞ்சு எரிஞ்சா நீங்களா எதையும் வாங்காம எனக்கு போன் பண்ணுங்க. மாசியில மறுபடி பாப்போம். அப்பவும் இறங்கலைன்னா அடுத்ததை யோசிப்போம்.”

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் உட்கார்ந்திருந்தோம். மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். வெளுத்த பயிர், துத்தநாகம், சுண்ணாம்புத் தண்ணி, ‘அதெல்லாம் மருந்தா’ என்று சைக்கிள் சீட்டைத் தடவிய கை. அத்தனையும் என் கண்முன்னே நின்றன. தினம் தினம் அடுத்தவர் டேங்கில் மூக்கை நுழைப்பவன், என் வீட்டு டேங்கை எட்டிப் பார்க்கவில்லை.

சின்னசேலத்துக்கு முன்னால் மகளின் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாள் என்று பதறித் திரும்பினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, பொணத்த எடுத்துப் போயி அடிச்சிருக்கோம்பா.”

“சும்மா இரு பாப்பா” என்றாள் மனைவி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீரும் அதோடு சேர்ந்தே வந்தது. முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பல மாதங்களாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் புத்திசாலிப் புழு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேஸ் மாத்திரை அட்டைகளைத் தேடித் தேடி எடுத்தாள். சாமி மாடத்தில் ஒன்று, அரிசி டின் மேல் ஒன்று, என் சட்டைப் பையில் ஒன்று, அவளுடைய கைப்பையில் இரண்டு. எங்கள் வீட்டில் அது எத்தனை இடத்தில் குடியிருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. மறுநாள் மெடிக்கல் கடைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. “நல்லதுக்குத்தான சார் குடுத்தேன்” என்றார். நல்லதுக்குத்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது அவர் கேஸ் மாத்திரை கொடுக்கும்போது, “வேற இன்னா மாத்திரை போட்டுகினு இருக்கீங்க?” என்று கேட்கிறார்.

அதன் பிறகு மாசி வரை நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மகள் திங்கட்கிழமை கையை ஆட்டுவாள். முதல் சில நாள் நெஞ்செரிச்சல் இருந்தது. டாக்டரம்மா சொன்னபடி சாப்பாட்டில் காரத்தைக் குறைத்தாள், பிறகு சரியாகிவிட்டது. சாயங்காலம் போன் செய்தால், நான் கேட்பதற்கு முன்பே, “வெறும் தண்ணிதான்பா. டேங்க்ல வேற ஒண்ணும் ஊத்தல” என்பாள்.

மாசியில் ரத்தம் கொடுத்துவிட்டு அவள் மலைக்குப் போய்விட்டாள். ஆராய்ச்சி மாணவிக்கும் ஒரு குழாய் கொடுத்திருந்தாள். சில நாள் கழித்து, வெயில் ஏறிய நேரத்தில், கடையில் ஒருவருக்கு எள் விதை நிறுத்துக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. டாக்டரம்மா.

“சார், இறங்கிடுச்சு. நல்லா இறங்கிடுச்சு. நான் எதிர்பார்த்ததைவிடக் கீழ இருக்கு. உங்க பொண்ணு போன் போகல, அதான் உங்களுக்குக் கூப்பிட்டேன். ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல அனுப்பறேன். இன்னும் இறங்கணும், சோதனை விடாம செஞ்சுட்டே இருக்கணும். ஆனா மருந்து கேக்குது சார்.”

மனைவிக்குப் போன் செய்து சொன்னேன், மறுமுனையில் குக்கர் விசில் மட்டும் கேட்டது. மகளுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தாள். அந்தப் பள்ளியில் சிக்னல் வேண்டுமென்றால் பின்னால் உள்ள பாறை மேல் ஏற வேண்டும்; சாயங்காலம்தான் ஏறுவாள். சாயங்காலம் வரை அதை என்னிடமே வைத்துக்கொண்டு எள் நிறுக்க என்னால் முடியாது. எதிரே வெள்ளிமலை பஸ் வந்துகொண்டிருந்தது. ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு ஓடி ஏறினேன்.

பஸ்ஸில் அந்த மக்காச்சோளக்காரர் மடியில் வெறும் சாக்குகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலையில் புளி வாங்கப் போகிறாராம்.

“இன்னா மருந்துக்காரரே, கட நேரத்துல மலைக்கு? மூஞ்சி ஏன் பேயறஞ்சாப்ல கீது?”

சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார், எதற்கு அவிழ்த்தோம் என்று தெரியாததுபோல மறுபடி கட்டினார். “நான்கூட தை மாசம் தனித்தனியாத்தான் அடிச்சேன். புழு ஒண்ணுகூட இல்ல” என்றார். அவரால் சொல்ல முடிந்த வாழ்த்து அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறியது. வளைவுகளில் ரோட்டோரம் புளி காயவைத்திருந்தார்கள். டிரைவர் ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று ஆள் ஏற்றினார். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட ஏற்றினார். எனக்கு இறங்கி ஓடலாம் போல் இருந்தது.

பள்ளியில் அவள் வகுப்பில் இருந்தாள். பலகையில் பின்னம் எழுதியிருந்தது. நான் வாசல் பக்கம் வந்து நின்றேன். பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள். அவள் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. சாக்பீஸ் பிடித்த கை அப்படியே பலகை மேல் நின்றது. அப்பா வேலை நாளில் கடையை விட்டு மலைக்கு வந்து நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். வழியெல்லாம் அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்து வந்தேன். எந்த முகத்தோடு போய் நிற்பது என்று யோசிக்கவில்லை.

“கம்மியாயிடுச்சும்மா” என்றேன். மறுபடி சொன்னேன். “நல்லா கம்மியாயிடுச்சு. மருந்து கேக்குதாம்.”

அவள் வெளியே வந்து போனை வாங்கி ரிப்போர்ட்டைப் பார்த்தாள். கணக்கு டீச்சர், எண்ணை ஒருமுறை பார்த்தால் போதும். இரண்டு முறை பார்த்தாள். பிறகு வராந்தாப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

“ஏம்பா, இத சொல்றதுக்கா மூஞ்ச அப்படி வெச்சிகினு வந்து நின்ன? உசுரே போயிடுச்சு.”

“எனக்கும்தான்” என்றேன்.

உள்ளேயிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். “டீச்சர், அது யாரு?”

“எங்கப்பா. வடக்கனந்தல்ல மருந்துக் கட வெச்சிருக்காரு.”

“டாக்டரா?”

“அதுக்கும் மேல” என்றாள் மகள். பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து வணக்கம் வைத்தார்கள். நானும் கும்பிடு போட்டேன். கும்பிடக் கையைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். வலது கையில் கடைச் சாவிக்கொத்து. அதில் பூட்டு திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. வடக்கனந்தலிலிருந்து வெள்ளிமலை வரை அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

அவளும் பார்த்துவிட்டாள். “பூட்டையும் சாவியையும் எடுத்துகினு வந்துட்டியா? அப்ப கட?”

“தொறந்துதான் கெடக்கும்.”

“கல்லா?”

“தெரியல. எள்ளு வாங்க வந்தவரு தராசுகிட்டயே நின்னுகினு இருந்தாரு. அவருகிட்ட ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன்.”

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சேலத்திலிருந்து திரும்பிய பஸ்ஸில் அடக்கினாளே, அந்தச் சிரிப்பு, இந்த முறை அடக்காமல். பிள்ளைகளுக்கு எதற்கென்றே தெரியாமல் சிரிப்பு தொற்றிக்கொண்டது. எனக்கும் வந்தது.

பாறை மேல் ஏறி, என் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். எள் வாங்க வந்தவர் இன்னும் என் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறாராம். வந்த இரண்டு பேருக்கு விலை தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். கீழே வகுப்பில் மகள் மறுபடி பின்னம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தாள். இறங்கும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பூட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டபடி பாறை மேலேயே உட்கார்ந்திருந்தேன்.